கம்ப்யூட்டர் அளக்கும், முடிவு டாக்டர்து: இடுப்பு மூட்டு கேள்வி பதில்

போன தடவை இடுப்பு மூட்டு மாற்று பத்தி நாலு வரி எழுதினதுக்கே இவ்வளவு கடிதமும் மெயிலும் வரும்னு ஆசிரியர் எதிர்பார்க்கல, நானும்தான். அதுல பாதிக்கு மேல "கம்ப்யூட்டர் வச்சு பண்றாங்களாமே" ரகம். அதனால இந்த தடவை முழுக்க அதுதான். பேர் போட வேணாம்னு நிறைய பேர் கேட்டிருக்கறதால எல்லாருக்கும் ஊர் மட்டும் போட்டிருக்கோம்.

திருநெல்வேலி வாசகி: வணக்கம் டாக்டர். எங்கம்மாவுக்கு 66 வயசு. வலது இடுப்பு மூட்டு சுத்தமா தேஞ்சு போச்சு, மாத்தணும்னு சொல்லிட்டாங்க. ஒரு ஆஸ்பத்திரில சாதாரணமாவே பண்ணிரலாம்ங்கறாங்க, இன்னொரு இடத்துல கம்ப்யூட்டர் நேவிகேஷன்ல மாடுலர் இம்ப்ளாண்ட் போடுவோம், அதுக்கு செலவு கூடம்மாங்கறாங்க. கம்ப்யூட்டரே ஆபரேஷன் பண்ணும்னா டாக்டர் எதுக்கு? இதைக் கேட்டதுலேர்ந்து "மெஷின்கிட்ட போய் படுக்க மாட்டேன்"னு அம்மா ஒரே அடம்.

அம்மாகிட்ட முதல்ல இதைச் சொல்லுங்க, நேவிகேஷன் மெஷின் அவங்க மேல கை வைக்காது, அதுக்கு கையே கிடையாது. ஒரு ஸ்டாண்டுல இன்ஃப்ராரெட் கேமரா, பக்கத்துல ஒரு திரை, அவ்வளவுதான். இடுப்பு எலும்புல ரெண்டு சின்ன பின், தொடை எலும்புல ஒண்ணு ரெண்டு பின் போட்டு அது மேல பளபளன்னு குட்டி குட்டி உருண்டை வச்ச ஒரு சட்டத்தை மாட்டுவாங்க, அந்த உருண்டையைத்தான் கேமரா பாக்கும். அப்புறம் டாக்டர் ஒரு கூர்மையான கோலை எடுத்து இடுப்பு முன்பக்கம் ரெண்டு பக்கமும் துருத்திக்கிட்டு இருக்கற எலும்பு முனை, நடுவுல அடிவயித்துக்கு கீழ இருக்கற எலும்பு, இந்த மூணையும் தொட்டுக் காட்டுவாரு. அதை வச்சு அம்மாவோட இடுப்பு எந்த வாட்டத்துல படுத்திருக்குன்னு கம்ப்யூட்டர் புரிஞ்சுக்கும். அதுலேர்ந்து இடுப்புல பதிக்கற செயற்கைக் கிண்ணம் எத்தனை டிகிரி சாய்வு, கால் எத்தனை மில்லிமீட்டர் நீளமாச்சுன்னு எண்ணா காட்டிக்கிட்டே இருக்கும். வெட்டறது, துருவறது, அடிச்சு ஏத்தறது எல்லாம் டாக்டர் கைதான்.

ரோபோ வேற. அதுல ஒரு இயந்திரக் கை துருவற கருவியைப் பிடிச்சிருக்கும், டாக்டர் அதை நகர்த்துவாரு, திட்டம் போட்ட எல்லையைத் தாண்டினா அது விடாது. நீங்க எழுதியிருக்கறது நேவிகேஷன்.

அப்புறம் "மாடுலர்"ங்கறத ஏதோ ஏசி கோச் டிக்கெட் மாதிரி தனி ரேட்டுல சொல்றாங்க பாருங்க, அதுதான் எனக்குப் பிடிக்கல. இன்னைக்குப் போடற கிட்டத்தட்ட எல்லா முழு இடுப்பு மூட்டுமே ஏதோ ஒரு அளவுக்கு மாடுலர்தான், அதாவது துண்டு துண்டா வந்து உள்ள வச்சு சேர்க்கறது. தொடை எலும்புக்குள்ள இறங்கற தண்டு ஒண்ணு, அதோட மேல மாட்டற பந்து ஒண்ணு, இடுப்புல பதியற உலோகக் கிண்ணம் ஒண்ணு, கிண்ணத்துக்குள்ள உக்கார்ற லைனர் ஒண்ணு. அந்த ஆஸ்பத்திரில கேளுங்க, இந்த நாலுக்கு மேல ஏதாவது கூடுதல் துண்டு இருக்கா, இருந்தா எங்கம்மாவுக்கு அது எதுக்குன்னு. பதில் தெளிவா வந்தா சரி. அப்புறம் டாக்டர் மாசத்துக்கு எத்தனை இடுப்பு மூட்டு மாத்தறாருங்கறதையும் கூச்சப்படாம கேளுங்க, கம்ப்யூட்டர் பொட்டி இருக்கா இல்லையாங்கறதைவிட எனக்கு அந்த பதில்தான் முக்கியமா படுது.

ஓசூர் வாசகர்: சார், நான் டூல்ரூம்ல இருக்கேன். எங்கப்பாவுக்கு ஆபரேஷன் முடிஞ்சு எக்ஸ்ரே பாத்தேன், பந்தும் தண்டும் தனித்தனி பீஸ்னு டாக்டர் சொன்னாரு, ஸ்க்ரூ இல்ல, சும்மா டேப்பர் ஃபிட், அதாவது கூம்பு முனையை கூம்புத் துளைல அடிச்சு இறுக்கறதுதான்னு சொன்னதும் பக்குன்னு ஆயிடுச்சு. ஒரே பீஸா மெஷினிங் பண்ணா ஸ்ட்ராங்கா இருக்குமே? அதுல கம்ப்யூட்டருக்கு என்ன வேலை?

தம்பி, உங்க கடிதம்தான் இந்த வாரம் எனக்குப் பிடிச்ச கடிதம், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

ஒரே பீஸாதான் ஆரம்பிச்சாங்க. இங்கிலாந்துல ரைட்டிங்டன் ஆஸ்பத்திரில ஜான் சார்ன்லி 1962-ல கொண்டுவந்த மூட்டுதான் இன்னைக்கு எல்லாத்துக்கும் தாத்தா. அதுல தண்டும் பந்தும் ஒரே உலோகம், பந்து 22.225 மில்லிமீட்டர், அதாவது முக்காலே அரைக்கால் அங்குலம். பந்து சின்னதா இருந்தா உராய்வு கம்மின்னு அவர் கணக்கு. தண்டை எலும்பு சிமென்ட் போட்டு ஒட்டினதால எவ்வளவு ஆழத்துல நிறுத்தணும்னு டாக்டர் கையில கொஞ்சம் இடம் இருந்துச்சு. சிமென்ட் இல்லாம எலும்புக்குள்ள இறுக்கமா அடிச்சு ஏத்தற தண்டு வந்ததும்தான் சிக்கல். அது எங்க இறுகுதோ அங்கதான் நிக்கும். முதல்ல அளவு பாக்க இறக்கற ட்ரயல் துருவி ஒரு ஆழத்துல நின்னிருக்கும், நிஜ தண்டு அதைவிட ரெண்டு மில்லிமீட்டர் மேலயே பிடிச்சுக்கும், இன்னும் ஓங்கி அடிச்சா எலும்பு கீறல் விடும். இது எல்லா ஆர்த்தோ டாக்டருக்கும் தெரிஞ்ச தலைவலி. பந்து தனி பீஸா இருந்தா தண்டு எங்க நின்னாலும் பரவால்ல, பந்தை மாத்தி சரிக்கட்டலாம். துண்டு துண்டா பண்ணதுக்கு முக்கியமான காரணம் இது. இன்னொண்ணு, 20 வருஷம் கழிச்சு லைனர் தேஞ்சா எலும்போட ஒட்டி வளர்ந்த தண்டைப் பிடுங்காம பந்தையும் லைனரையும் மட்டும் மாத்திக்கலாம்.

டேப்பருக்கு பயப்படாதீங்க, நீங்க தினம் பாக்கற மோர்ஸ் டேப்பரோட தத்துவம்தான், பேரே எங்க ஆளுங்களும் அப்படித்தான் சொல்றாங்க. உங்க லேத் டேப்பர் மொத்தக் கோணம் சுமார் 3 டிகிரி, எங்களோடது கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு, ரொம்ப புழக்கத்துல இருக்கறதுக்கு 12/14 டேப்பர்னு பேரு. துடைச்சு, ஈரமோ ரத்தமோ எலும்புத் தூளோ இல்லாம காய வச்சு, பந்தை வச்சு நேரா அடிக்கணும். இதுல சோம்பேறித்தனம் பண்ணா பின்னாடி துரு, தேய்மானம் எல்லாம் வரும். இன்னொரு விஷயம், உங்களுக்கு சொன்னா உடனே புரியும், 12/14-னு ரெண்டு கம்பெனி எழுதியிருந்தாலும் கோணமும் மேல்பூச்சு சொரசொரப்பும் டாலரன்ஸும் ஒண்ணா இருக்காது. அதனால ஒரு கம்பெனி தண்டுல இன்னொரு கம்பெனி பந்தை மாட்டறதை வேற வழியே இல்லைன்னாலொழிய பண்ணக் கூடாது.

இப்ப கம்ப்யூட்டருக்கு வருவோம். பந்துக்குள்ள இருக்கற துளையோட ஆழத்தை மாத்தி ஒரே சைஸ் பந்துலயே நீளம் கம்மி, நடு, கூடுதல்னு நாலஞ்சு ரகம் தர்றாங்க. தண்டோட கழுத்து, அதாவது பந்து மாட்டற மேல்பகுதி, 135 டிகிரில சாய்ஞ்சிருக்குன்னு வச்சுக்குங்க. 4 மில்லிமீட்டர் நீளமான பந்து போட்டா, கால் நீளம் 2.8 மில்லிமீட்டர் கூடும், அதோட தொடை எலும்பு வெளிப்பக்கமா 2.8 மில்லிமீட்டர் தள்ளியும் போகும், ரெண்டுல ஒண்ணை மட்டும் மாத்த முடியாது, திரிகோணமிதி விடாது. இந்த வெளிப்பக்கத் தூரத்துக்கு ஆஃப்செட்னு பேரு, இது குறைஞ்சா இடுப்புத் தசைக்கு நெம்புற தூரம் குறைஞ்சு விந்தி விந்தி நடப்பாங்க, மூட்டும் லொடலொடன்னு இருக்கும். கால் நீளம் சரியா இருக்கு ஆனா ஆஃப்செட் மட்டும் வேணும்னா, அதுக்கு கழுத்து வெளிப்பக்கம் தள்ளியிருக்கற தண்டை முதல்லயே எடுத்திருக்கணும், இல்ல லைனர்ல சில மில்லிமீட்டர் தள்ளி வச்ச ரகம் போடணும். ரெண்டு வகை தண்டு, அஞ்சு பந்து, மூணு லைனர்னா அதுவே 30 கூட்டணி. சில டிசைன்ல கழுத்தும் தனி துண்டா வரும், அப்ப முன்னாடி திருப்பறது பின்னாடி திருப்பறதுன்னு எண்ணிக்கை நூறைத் தாண்டிரும்.

எல்லாத்தையும் மாட்டி மாட்டிப் பாக்க நேரமும் இல்ல, தசையும் தாங்காது. இங்கதான் கம்ப்யூட்டர் வேலை. பழைய பந்தை வெட்டறதுக்கு முன்னாடியே தொடை எலும்பு இடுப்பைப் பொறுத்து எங்க இருந்துச்சுன்னு பதிஞ்சு வச்சுக்கும். கிண்ணம் பதிஞ்சதும் அது எங்க, தண்டு இறங்கினதும் அதோட டேப்பர் எங்க எந்தப் பக்கம் திரும்பியிருக்குன்னு அளந்துக்கும். அந்தக் கம்பெனியோட எல்லா பீஸ் அளவும் ஏற்கனவே உள்ள இருக்கறதால, இந்த பந்து போட்டா கால் இவ்வளவு, ஆஃப்செட் இவ்வளவு, இந்த கழுத்து போட்டா இந்த கோணத்துல கிண்ணத்து விளிம்புல இடிக்கும்னு மாட்டாமலேயே கணக்கு சொல்லும். உங்க அளவு பாக்கற சி.எம்.எம். மெஷின்ல ப்ரோப் வச்சு புள்ளி எடுத்து ஜாப் அலைன் பண்றீங்களே, ஏறக்குறைய அந்த வேலைதான், ஜாப்புதான் மூச்சு விட்டுக்கிட்டே அசையும். உங்க தொழில்ல டேட்டம், அதாவது அளவு ஆரம்பிக்கற இடத்தை, தப்பா எடுத்தா எல்லாமே தப்பாகற மாதிரி இங்கயும் அந்த மூணு எலும்பு முனையைத் தொடறதுல கோட்டை விட்டா திரையில வர்ற எண் எல்லாம் வீண். அடிவயித்துல கொழுப்பு தடிப்பா இருக்கறவங்களுக்கு நடு எலும்பைத் தோல் மேலேர்ந்து தொடறதுல இந்தப் பிழை நிறைய வரும், கிண்ணத்தோட முன்திருப்பம், அதாவது அது முன்பக்கமா எவ்வளவு திரும்பியிருக்குங்கற கணக்கு, பிசகும். மாட்டின பின் லேசா ஆடிட்டாலும் அதே கதைதான்.

ஈரோடு வாசகி: எனக்கு ஆபரேஷன் முடிஞ்சு ஒரு மாசம்தான் ஆகுது. இடது கால் நீளமா இருக்கற மாதிரியே இருக்கு, கம்ப்யூட்டர்ல பண்ணதுன்னு சொன்னாங்களே, ஏமாத்திட்டாங்களா? செருப்பு உசத்திப் போடலாமான்னு வீட்டுக்காரர் கேக்கறார்.

செருப்பை இப்போதைக்கு தொடாதீங்கம்மா. பல வருஷமா தேஞ்ச மூட்டோட நடந்ததுல இடுப்பைச் சுத்தின தசை சுருங்கி, இடுப்பே ஒரு பக்கம் சாய்ஞ்சிருக்கும், முதுகும் அதுக்கேத்த மாதிரி வளைஞ்சிருக்கும். கால் எலும்போட நீளத்தை சரி பண்ணியாச்சு, சாய்வு இன்னும் போகல, அதனால நீளமா தோணுது. பெரும்பாலானவங்களுக்கு மூணுலேர்ந்து ஆறு மாசத்துல தசை இளகி இது போயிரும். இப்பவே செருப்பை உசத்தினா அந்த சாய்வை நிரந்தரமாக்கற வேலைதான் நடக்கும். பிசியோதெரபிஸ்ட் சொல்ற பயிற்சியை மட்டும் விடாம பண்ணுங்க.

ஆறு மாசத்துக்கு அப்புறமும் இருந்தா நின்னுக்கிட்டு எடுத்த எக்ஸ்ரேல அளந்து பாக்கச் சொல்லுங்க. 10 மில்லிமீட்டருக்குள்ள வித்தியாசம் இருந்தா நிறைய பேருக்கு நாளடைவுல தெரியறதே இல்ல.

கம்ப்யூட்டர் இருந்தும் நீளமாகலாமா? ஆகலாம், சில சமயம் தெரிஞ்சேதான் செய்வாங்க. அளவு சரியா இருக்கு ஆனா மூட்டு தளர்வா இருக்கு, காலைத் திருப்பினா கழண்டுக்கற மாதிரி இருக்குன்னா, கொஞ்சம் நீளமான பந்து போட்டு இறுக்குவாங்க. 5 மில்லிமீட்டர் நீளமான காலா, அடிக்கடி நழுவுற மூட்டான்னா நான் நீளத்தைத்தான் எடுப்பேன். ஆனா அதை நோயாளிகிட்ட முன்னாடியே சொல்லாம விடறதுதான் பிரச்சினை. உங்க டாக்டர்கிட்டயே நேரா கேளுங்க, கடைசியா திரையில என்ன எண் வந்துச்சுன்னு. நிறைய மெஷின் அதை ரிப்போர்ட்டா சேமிச்சு வைக்கும்.

தஞ்சாவூர் வாசகர்: அந்த பின் போட்ட ஓட்டை என்னாகும்?

எலும்பு தானே மூடிக்கும். எப்பவாவது அந்த இடத்துல வலி, தையல் போட்ட இடத்துல சீழ், அபூர்வமா அந்த ஓட்டை வழியா எலும்பு முறிவு, இதெல்லாம் பதிவாகியிருக்கு. எலும்பு ரொம்ப மெலிஞ்சவங்களுக்கு யோசிச்சுத்தான் போடணும்.

மதுரை வாசகர்: எனக்கு 38 வயசு. ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைடிஸ், முதுகு மூங்கில் மாதிரி ஒட்டிப்போச்சு, இப்ப ரெண்டு இடுப்பும் போச்சு. கிண்ணத்தை "சேஃப் ஸோன்"ல வச்சா நழுவவே நழுவாது, கம்ப்யூட்டர் அதை கரெக்டா வச்சிரும்னு ஒருத்தர் சொன்னார். உண்மையா?

பாதி உண்மை, உங்க விஷயத்துல பாதியைவிட கம்மி.

சேஃப் ஸோன் கதை 1978-ல லூயினெக்ங்கற எலும்பு டாக்டரோட குழு எழுதின கட்டுரைலேர்ந்து வருது. 300 இடுப்பு மூட்டு பாத்தாங்க. கிண்ணம் 40 டிகிரி சாய்வு, 15 டிகிரி முன்திருப்பம், ரெண்டுலயும் கூட குறைய 10 டிகிரிக்குள்ள இருந்தவங்களுக்கு நழுவினது 1.5 சதவீதம், அதுக்கு வெளிய இருந்தவங்களுக்கு 6.1 சதவீதம். நழுவினதே மொத்தம் 9 மூட்டுதான், அந்த 9 மூட்டை வச்சு உலகமே பல வருஷம் அந்த கட்டத்தைக் குறிபாத்துக்கிட்டு இருந்துச்சு, நேவிகேஷன் மெஷின் எல்லாமும் அந்தக் கட்டத்தை திரையில போட்டுக் காட்டுச்சு. 2016-ல அமெரிக்காவுல மேயோ கிளினிக் டாக்டர்கள் நழுவின 206 மூட்டை எடுத்துப் பாத்தா, 58 சதவீதத்துல கிண்ணம் அந்தக் கட்டத்துக்குள்ளயேதான் இருந்திருக்கு. கம்ப்யூட்டர் நீங்க சொன்ன குறியை நல்லா அடிக்கும், ஆனா குறியே உங்களுக்கானது இல்லைன்னா அது என்ன பண்ணும் பாவம்.

ஏன் இப்படின்னா, கிண்ணம் எலும்புல அசையாம இருந்தாலும் இடுப்பு அசையுது. நல்ல முதுகு உள்ளவர் நின்னுக்கிட்டு இருந்து நாற்காலில உக்காரும்போது இடுப்பு சுமார் 20 டிகிரி பின்னாடி சாயும், அப்ப கிண்ணமும் முன்பக்கமா திறந்து தொடைக்கு வழி விடும். இடுப்பு 1 டிகிரி சாஞ்சா கிண்ணத்தோட முன்திருப்பம் சுமார் 0.7 டிகிரி மாறும்னு கணக்கு. உங்களுக்கு முதுகும் இடுப்பும் ஒரே கட்டையா ஆனதால அந்த வழிவிடுதல் நடக்காது. உக்காரும்போது கழுத்து கிண்ண விளிம்புல இடிச்சு பந்து பின்னாடி நழுவலாம். அதுவே முதுகு கூன் விழுந்து இடுப்பு ஏற்கனவே பின்னாடி சாய்ஞ்சு ஒட்டியிருந்தா, நிக்கும்போதே கிண்ணம் அதிகமா திறந்திருக்கும், அவங்களுக்கு முன்பக்கம் நழுவற ஆபத்து. ஒரே நோய்தான், ரெண்டு பேருக்கு நேர் எதிர் கிண்ணக் கோணம் வேணும். அதனால ஆபரேஷனுக்கு முன்னாடி நின்னு ஒண்ணு, உக்காந்து ஒண்ணுன்னு பக்கவாட்டு எக்ஸ்ரே எடுத்தாங்களான்னு பாருங்க. அதை எடுக்காம உங்களுக்கு கம்ப்யூட்டர் ஆபரேஷன்னு யாராவது சொன்னா எனக்கு சந்தேகம்தான் வரும்.

இன்னொண்ணு, கிண்ணத்தை மட்டும் பாத்தா போதாது, தண்டு எவ்வளவு முன்னாடி திரும்பியிருக்குங்கறதும் சேரணும். சிமென்ட் இல்லாத தண்டு எலும்போட இயல்பான முறுக்குப்படிதான் போகும், நாம நினைச்ச மாதிரி திருப்ப முடியாது. அதனால சில பேர் தொடை எலும்பை முதல்ல தயார் பண்ணி தண்டோட திருப்பத்தை அளந்துட்டு அதுக்கேத்த மாதிரி கிண்ணத்தை வைப்பாங்க. விட்மர்னு ஒரு சுவிஸ் டாக்டர் கொடுத்த கணக்கு ஒண்ணு இருக்கு, கிண்ணத்தோட முன்திருப்பம் கூட்டல் தண்டோட திருப்பத்துல 0.7 மடங்கு, ரெண்டும் சேர்ந்து 37 வரணும்னு. தண்டு 20 டிகிரி திரும்பியிருந்தா அதுல 14 போக கிண்ணத்துக்கு 23. தண்டு 5 டிகிரிதான்னா கிண்ணத்துக்கு 33-க்கு மேல போயிரும், லூயினெக் கட்டத்தையே தாண்டிருச்சு பாருங்க. இந்த மாதிரி கணக்கை ஆபரேஷன் நடுவுல கண்ணால பாத்து போடறது கஷ்டம், கம்ப்யூட்டருக்கு நான் முழு மனசோட மார்க் போடற இடம் இதுதான்.

எலும்பு முறுக்கே ரொம்ப தாறுமாறா இருக்கறவங்களுக்கு, முக்கியமா பிறவிலயே இடுப்பு விலகினவங்களுக்கு, தண்டும் மேல்பகுதி உறையும் தனித்தனியா வர்ற மாடுலர் வகை 1980-கள்லேர்ந்து இருக்கு. உறை எலும்பு எப்படி இருக்கோ அப்படி உக்காரும், தண்டை அதுக்குள்ள நமக்கு வேணுங்கற பக்கம் திருப்பி இறக்கலாம். உங்களுக்கு அது தேவைப்படாதுன்னு நினைக்கறேன். உங்க டாக்டர்கிட்ட பேச வேண்டியது டூயல் மொபிலிட்டி கிண்ணம் பத்தி, சின்ன பந்து பெரிய பிளாஸ்டிக் பந்துக்குள்ள, அந்த பெரிய பந்து கிண்ணத்துக்குள்ளன்னு ரெண்டு இடத்துல சுத்தற டிசைன், 1970-கள்ல பிரான்ஸ்ல பூஸ்கேங்கற டாக்டர் கொண்டுவந்தது. முதுகு ஒட்டினவங்களுக்கு நழுவாம இருக்க நல்லா கை கொடுக்குது. 38 வயசுங்கறதால தேய்மானத்தையும் சேத்து யோசிக்கணும், அது நேர்ல பாக்கறவர்தான் சொல்ல முடியும்.

சென்னை வாசகர்: 2009-ல எனக்கு இடுப்பு மூட்டு மாத்தினாங்க. இப்ப வலி ஒண்ணும் பெருசா இல்ல. கோபால்ட் விஷம், துரு, ரீகால்னு படிச்சதுலேர்ந்து தூக்கம் இல்ல. மாடுலர்னாலே துரு பிடிக்குமா?

ரெண்டு வேற வேற விவகாரத்தை எல்லாரும் ஒரே கொழம்புல போட்டு கலக்கறாங்க, பிரிச்சு சொல்றேன்.

முதல் விவகாரம் உலோகத்து மேல உலோகம். பந்தும் உலோகம், கிண்ணத்து உள்பக்கமும் உலோகம், ரெண்டும் உரசி கோபால்ட் குரோமியம் துகள் ரத்தத்துல கலந்துச்சு. ஜான்சன் அண்ட் ஜான்சனோட டிப்யூ கம்பெனி ஏ.எஸ்.ஆர். மூட்டை 2010 ஆகஸ்ட்ல உலகம் முழுக்க திரும்பப் பெற்றது இதனாலதான். உலக அளவுல சுமார் 93,000 பேருக்கு போட்டிருந்தாங்க, இந்தியாவுல சுமார் 4,700. இங்க நஷ்டஈடு பத்தி மத்திய அரசு முடிவெடுக்க 2018 ஆச்சு, அதிகபட்சம் சுமார் 1.2 கோடி வரைன்னு கணக்கு போட்டாங்க. எட்டு வருஷம். யாருக்கு எந்த மூட்டு போட்டோம்னு தேடிக் கண்டுபிடிக்கறதே பெரிய பாடா போச்சு.

ரெண்டாவது விவகாரம்தான் மாடுலர் பத்தினது. கழுத்தையும் தனி துண்டா பண்ணா எவ்வளவு சௌகரியம்னு ஓசூர் தம்பிக்கு சொன்னேன் இல்லையா, அந்த சௌகரியத்துக்கு ஒரு விலை இருந்துச்சு. டைட்டானியம் தண்டுல கோபால்ட் குரோமியம் கழுத்து, நடந்து நடந்து அந்த சேர்ற இடத்துல கண்ணுக்குத் தெரியாத அசைவு, அதுல உடம்பு நீர் புகுந்து அரிச்சு, சுத்தி இருக்கற தசை கெட்டுப்போற அளவுக்கு ஆச்சு. ஸ்ட்ரைக்கர் கம்பெனி ரிஜுவனேட், ஏ.பி.ஜி. 2 ரெண்டு மாடலையும் 2012-ல வாபஸ் வாங்கினாங்க. வேற சில டிசைன்ல கழுத்தே முறிஞ்சதும் நடந்திருக்கு. பந்து சேர்ற டேப்பர்லயும் அரிப்பு வரலாம், ஆனா கழுத்தும் தனியா இருந்தா அரிக்கறதுக்கு இன்னொரு இடம் கூடுது. என் கட்சி ரொம்ப நாளா இதுதான், தேவை இல்லாம ஒரு சேர்ப்பு கூட அதிகம் வேணாம். கால் நீளம், ஆஃப்செட், திருப்பம் மூணையும் முன்கூட்டி திட்டம் போட்டு, நடுவுல கம்ப்யூட்டர் வச்சு அளந்து, கிண்ணக் கோணத்துலயும் பந்து நீளத்துலயும் சரிக்கட்ட முடிஞ்சா கழுத்தைத் தனியா பிரிக்க அவசியமே பெரும்பாலும் வராது. சந்தைலயும் இப்ப அந்த வகை ரொம்ப குறைஞ்சு போச்சு. தனிக் கழுத்து வேணும்கற அபூர்வமான கேஸ் இல்லைன்னு சொல்லல.

உங்களுக்கு: டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடுங்க. மூட்டு வந்த பெட்டில இருக்கற ஸ்டிக்கரை, மாடல் எண், லாட் எண் போட்டது, கேஸ் ஷீட்ல ஒட்டியிருப்பாங்க, ஆஸ்பத்திரில கேட்டு நகல் வாங்குங்க. பிளாஸ்டிக் லைனர், கழுத்து தண்டோட ஒரே துண்டுன்னு இருந்தா நிம்மதியா தூங்குங்க, வழக்கமான செக்கப் போதும். உலோகத்து மேல உலோகமா இருந்தா வலி இல்லைன்னாலும் ரத்தத்துல கோபால்ட், குரோமியம் அளவு பாக்கணும், தேவைப்பட்டா உலோக நிழல் விழாத மாதிரி எடுக்கற தனி எம்.ஆர்.ஐ. எடுக்கணும். தனிக் கழுத்து இருந்தாலும் அதேதான்.

சேலம் வாசகர்: மூட்டு ஆபரேஷன்ல முதல் ரோபோ எது சார்? க்விஸ்ல கேட்டாங்க.

எலும்பைக் குடையற முதல் ரோபோன்னா ரோபோடாக். இது நல்ல கதை. கலிபோர்னியாவுல பில் பார்கர்னு ஒரு எலும்பு டாக்டர், ஹோவர்ட் பால்னு ஒரு கால்நடை மருத்துவர், ரெண்டு பேரும் ஐ.பி.எம். கம்பெனியோட சேர்ந்து பண்ணது. சிமென்ட் இல்லாத தண்டுக்கு தொடை எலும்புல குடையற குழி கையால குடைஞ்சா அங்கங்க இடைவெளி விடுதே, மெஷின் குடைஞ்சா கச்சிதமா வருமேங்கறதுதான் அவங்க யோசனை. முதல்ல இடுப்பு கெட்டுப்போன நாய்களுக்கு பண்ணாங்க, வீட்டு நாய்ங்க, ஆராய்ச்சிக்கு வளத்தது இல்ல. 1992 நவம்பர்ல சாக்ரமென்டோவுல முதல் மனுஷனுக்கு. குழி நிஜமாவே கச்சிதமா வந்துச்சு. ஜெர்மனில ஒரு காலத்துல ஆயிரக்கணக்குல பண்ணாங்க, ஆனா நேரம் கூட ஆச்சு, ரோபோவுக்கு வழி விட தசையை அதிகமா ஒதுக்க வேண்டியிருந்துச்சு, 2003-ல வந்த ஜெர்மன் ஒப்பீட்டு ஆய்வுல ரோபோ பக்கம் நழுவினதும் அதிகம், வழக்கும் வந்துச்சு, விட்டுட்டாங்க. கிண்ணத்துக்கான நேவிகேஷன் தனிக் கதை, பிட்ஸ்பர்க்ல டிஜியோயா, யாராமாஸ் குழு ஹிப்நேவ்னு ஒண்ணை 1995-ல ஆபரேஷன் தியேட்டருக்கு கொண்டு வந்தாங்க, இன்னைக்கு இருக்கற சிஸ்டம் எல்லாம் அந்த வழிலதான் வந்துச்சு.

கும்பகோணம் வாசகி: கம்ப்யூட்டர்ல பண்ணா மூட்டு அதிக வருஷம் உழைக்குமா? ஒரே வரில சொல்லுங்க.

ஒரே வரில முடியாது, ரெண்டு வரி. கிண்ணம் கன்னாபின்னான்னு கோணத்துல போற கேஸ் குறையுதுங்கறதுல சந்தேகமே இல்ல, நழுவினதுக்காக திரும்ப ஆபரேஷன் பண்றதும் குறைவா இருக்குன்னு ஆஸ்திரேலியா மூட்டுப் பதிவேட்டு கணக்கு சொல்லுது. ஆனா நடக்கறது, வலி, திருப்தின்னு கேட்டா, நல்ல டாக்டர் கையால பண்ணதுக்கும் இதுக்கும் நோயாளியே சொல்ற மாதிரி பெரிய வித்தியாசம் இல்ல.

காரைக்குடி வாசகர்: கம்ப்யூட்டர் துல்லியமா வச்சா தரையில சம்மணம் போட்டு சாப்பிடலாமா, இந்தியன் டாய்லெட் போகலாமா?

கேக்காம இருக்க மாட்டீங்கன்னு தெரியும். பெரிய பந்து, 36 மில்லிமீட்டர் மாதிரி, கோணமும் சரியா அமைஞ்சா மூட்டு விளிம்புல இடிக்காம போற தூரம் கூடும், அதனால சம்மணம் போடறது சில மாசம் கழிச்சு நிறைய பேருக்கு சாத்தியம்தான், சில டாக்டருங்க தைரியமா அனுமதிக்கறாங்க. குத்த வச்சு உக்கார்றது வேற. தொடை வயித்தோட ஒட்டற அளவுக்கு மடங்கி, கூடவே முட்டி உள்பக்கம் திரும்பினா அதுதான் பந்து பின்னாடி நழுவறதுக்கு ரொம்ப வாகான நிலை. எந்த மெஷின்ல பண்ணாலும் முதல் மூணு மாசம் அது கூடவே கூடாது. அதுக்கு அப்புறம் உங்க டாக்டர் திரையில உங்க மூட்டு எந்தக் கோணம் வரை இடிக்காம போச்சுன்னு பாத்திருப்பார், அவரைக் கேட்டுட்டு முடிவு பண்ணுங்க. அதுவரை ஒரு வெஸ்டர்ன் டாய்லெட் போட்டுக்குங்க, இல்ல மருந்துக்கடைல கிடைக்கற உசரமான கமோடு நாற்காலி வாங்கி வச்சுக்குங்க, ஆபரேஷனுக்கு போறதுக்கு முன்னாடியே, திரும்பி வந்து தேடிக்கிட்டு இருக்காதீங்க.